அடக்க விலை x என்க

மே 8, வியாழன்

இந்த நோட்டில் எண்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எண்ணும் முத்திரையும் இருக்கின்றன. கிழிக்கக் கூடாது. எழுதத் தடையில்லை. ஆனால் தேர்வு முடிந்து வெளியே போகும் அன்று கண்காணிப்பு அதிகாரி முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார். ஆகவே இதை நாட்குறிப்பு என்று சொல்வதைவிட அதிகாரிக்கு எழுதும் நீண்ட கடிதம் என்று சொல்லலாம். வணக்கம் ஐயா.

நான் பாண்டிமாதேவி. வயது நாற்பத்து நான்கு. அருப்புக்கோட்டைப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. வாரியம் நடத்தும் கிடங்கு உதவியாளர் தேர்வுக்கு வினாத்தாள் ஆங்கிலத்தில் தயாராகிவிட்டது. அதில் கணக்குப் பகுதியைத் தமிழாக்கக் கூப்பிட்டார்கள். வேலை நாலைந்து நாள்தான். ஆனால் கேள்வியைப் பார்த்த யாரும் தேர்வு முடியும் வரை வெளியே போக முடியாது. இருபத்தைந்தாம் தேதி தேர்வு, இருபத்தாறு காலையில் விடுதலை.

திரை போட்ட வேனில் மூன்று மணி நேரம் கூட்டி வந்தார்கள். எந்த ஊர் என்று தெரியாது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. போன், கைக்கடிகாரம், என் பேனா மூன்றையும் வாங்கிக்கொண்டு வேறு பேனா கொடுத்தார்கள். வீட்டில் சென்னையில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது.

ஒரு படிவம் தந்தார்கள். கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் யாரேனும் இத்தேர்வை எழுதுகிறார்களா? ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. தங்கை ஜெயக்கொடி பருப்பு மொத்தக் கடையில் பில் போடுகிறாள். காலை ஒன்பதுக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வருகிறவளுக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம்?

மே 9, வெள்ளி

அக்னி நட்சத்திரம். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத் திறக்க முடியாதபடி ஆணி அறைந்திருக்கிறார்கள். வெளிச்சம் வருகிறது, காட்சி வராது. எந்நேரமும் மோருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

அறைத்தோழி மெஹருன்னிசா, வாணியம்பாடி, வரலாற்றுப் பகுதியைத் தமிழாக்குகிறவர். கணக்கு என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறார். பத்தாம் வகுப்பில் முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கினாராம். அதிலும் ஒன்று கருணை மதிப்பெண் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். நல்ல மனுஷி, குறட்டை மட்டும் உண்டு.

சமைக்க வேண்டாம், பாத்திரம் விளக்க வேண்டாம், பதினெட்டு நாள் உட்கார்ந்த இடத்தில் சோறு. இதை நினைத்துத்தான் கிளம்பினேன். இரண்டாம் வேளை சாம்பாரிலேயே அந்த ஆசை அடங்கிவிட்டது.

மே 10, சனி

வினாத்தாள் வந்தது. கணக்கு இருபத்தைந்து கேள்வி. தயாரித்தவர் பேராசிரியர் இளங்குமரன். அவரும் இங்கேதான் அடைபட்டிருக்கிறார். ரத்த அழுத்தக்காரர், நடைவழியில் ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறார்.

லாப நட்டத்தில் மட்டும் ஆறு கேள்வி. பார்த்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. அடக்க விலைக்கு மேல் 25 சதவீதம் கூட்டி விலை குறித்து, அதில் 12 சதவீதம் தள்ளுபடி தந்தும் ஒருவர் அறுபது ரூபாய் லாபம் பார்க்கிறார், அடக்கம் என்ன? அடக்க விலை x என்க. குறித்த விலை 1.25x. தள்ளுபடி போக அதில் 0.88 பங்கு, அதாவது 1.1x. லாபம் 0.1x. அது அறுபது என்றால் x அறுநூறு. நாலு வரி. ‘x என்க’ என்று எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். எதை x என்கிறோம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

மே 11, ஞாயிறு

விடுமுறை கிடையாது. பன்னிரண்டு கேள்வி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் நானும் தங்கை கொடியும் வாரத்துக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை உரித்து வைப்போம். அவள் மாடி அறையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவர், பதினோரு வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறார். வெங்காயம் உரிக்கும்போது சும்மா பொழுது போக இரண்டு கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். சும்மாதான்.

அவளுக்குச் சதவீதம் மட்டும் ஏறவே ஏறாது. ஏறாது என்றும் சொல்ல முடியாது, வேறு பக்கமாக ஏறியிருக்கிறது. பாடப் புத்தகத்தில் லாப சதவீதம் என்றால் அடக்க விலையின் மேல். அவள் வேலை பார்க்கும் பருப்பு மண்டியில் அப்படி இல்லை, விற்ற பணத்தில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. எண்பதுக்கு வாங்கி நூறுக்கு விற்றால் நான் 25 சதவீதம் என்பேன். அவள் 20 என்பாள்.

“வித்ததுலதானக்கா லாபம். விக்காத வரைக்கும் லாபம் எங்கருக்கு, மூடைக்குள்ளயா?”

“எக்ஸாம்ல அப்படிக் கேக்க மாட்டான்டி. அடக்கத்தை எக்ஸ்னு வச்சுக்கோ.”

“எக்ஸு எக்ஸுங்க. அடக்கம்னு சொன்னா வாய் வலிக்குதா ஒங்களுக்கு?”

வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

தமிழாக்கம் முடிந்தது. ப்ரூஃப் மூன்று தடவை படித்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும். இருபத்திரண்டு வருட வேலையில் தேர்தல் பணி தவிர வேறு எதற்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டார்கள், நல்லபடி முடித்தேன். கர்வமாக இருக்கிறது, இருக்கட்டும்.

மே 14, புதன்

கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. தரை லேசாக அதிர்கிறது. டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாகத் தெரிகிறது.

மே 15, வியாழன்

இன்று நுழைவுச்சீட்டு இணையத்தில் வெளியாகும் என்று சாப்பாட்டு அறையில் பேசிக்கொண்டார்கள். போட்டோ மங்கலாக இருந்தால் சில பேருக்கு வராது. நீலச் சேலையில் எடுத்தது அவ்வளவு மங்கல் இல்லை என்று நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்கிறேன்.

மே 16, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை. உப்புமா.

மே 17, சனி

செய்வதற்கு வேலை இல்லாததால் இரண்டு நாளாக மெஹருன்னிசாவுக்கு லாப நட்டக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பத்தைந்து மதிப்பெண்காரர் என்று நம்ப முடியவில்லை, கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பொருளை 20 சதவீத லாபத்துக்கு விற்று, அடுத்ததாக அந்த விலையிலிருந்து 20 சதவீதம் குறைத்தால் பழைய விலைக்கு வராது, நூறு தொண்ணூற்றாறாகிவிடும் என்று போட்டுக் காட்டினேன். அதைப் பார்த்து அரை மணி நேரம் ஆச்சரியப்பட்டார்.

மாலையில் வினாத்தாளில் இருந்தே ஒன்று கேட்டேன். உள்ளே இருக்கிறவர்களுக்குள் ரகசியம் இல்லை, வெளியே போகத்தான் தடை. அறுபத்து மூன்றாவது கேள்வி. நானே தமிழாக்கியது, மனப்பாடமாக இருந்தது.

ஒரு வியாபாரி ஒரு மேசை மின்விசிறியை விற்றதில் 20% லாபம் அடைந்தார். லாபத் தொகை ரூ.150 எனில் மின்விசிறியின் அடக்க விலை என்ன? (அ) 500 (ஆ) 600 (இ) 750 (ஈ) 900.

அவர் எழுதினார். அடக்க விலை x என்க. x-இல் நூற்றில் இருபது பங்கு 150. ஆகவே x எழுநூற்றைம்பது.

“இ” என்றார்.

“தப்பு. ஆ.”

“எப்படி டீச்சர்?”

“விற்ற விலையைத்தான் எக்ஸ்னு எடுக்கணும். எக்ஸ் எழுநூத்தம்பது வரும், அது விற்ற விலை. லாபம் நூத்தம்பதைக் கழிச்சா அடக்கம் அறுநூறு.”

“விற்ற விலைன்னு கேள்வியில எங்க இருக்கு? விற்றதில்னுதான இருக்கு. லாபம்னா அடக்கத்து மேலதான், நேத்து நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க.”

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். தலைவலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். பேராசிரியரின் ஆங்கிலத்தில் லாபம் ‘விற்ற விலையின் மீது’ 20 சதவீதம் என்று தெளிவாக இருந்தது. ஆகவே விடை அறுநூறு, விடைக்குறிப்பிலும் அதுதான். நான் எழுதியது ‘விற்றதில்’. ஒரு சொல்தான். தமிழில் ‘விற்றதில் லாபம்’ என்றால் விற்று லாபம் பார்த்தார் என்றுதான் அர்த்தம், எந்த விலையின் மேல் என்று அதில் இல்லை. அப்படி இல்லாவிட்டால் அடக்க விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் இருபத்திரண்டு வருடமாகக் கற்பித்திருக்கிறேன். அப்போது விடை எழுநூற்றைம்பது. அதுவும் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு பேரும் எழுதும் சமன்பாடு ஒன்றேதான். x எது என்பதில்தான் வித்தியாசம்.

ஆறு லட்சம் பேர் எழுதுகிறார்களாம். நாலரை லட்சம் பேர் தமிழில். அதில் ஒழுங்காகப் படித்தவர்கள் எல்லோரும் தவறான விடையைக் குறிப்பார்கள். படிக்காமல் மண்டியில் கணக்குப் பழகியவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி சரியாக வரும். ‘விற்றதில்’ என்று பார்த்ததும் அவர்கள் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மே 19, திங்கள்

வெயில்.

மே 20, செவ்வாய்

நடைவழியில் பேராசிரியருடன் நாலு சுற்று நடந்தேன். யாரோ கேட்ட மாதிரிக் கேட்டேன், தமிழில் ஒரு சொல் முன்னே பின்னே ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று.

“ஐயம் ஏற்பட்டா ஆங்கில வடிவமே இறுதியானதுன்னு முதல் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கோமே. உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராது.”

“தமிழ்ல மட்டும் படிச்சவங்க?”

“நாலு பேர் ஆட்சேபணை போடுவாங்க. ஆங்கிலத்தைக் காட்டுவோம். அடங்கிடும்.” பிறகு நின்று என்னைப் பார்த்தார். “எந்தக் கேள்வி?”

“சும்மா கேட்டேன்” என்றேன். இந்த நோட்டில் எத்தனை ‘சும்மா’ இருக்கிறது என்று அறைக்கு வந்து எண்ணினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

மே 21, புதன்

ஐயா, நீங்கள் இதைப் படிக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

ஜெயக்கொடி இந்தத் தேர்வை எழுதுகிறாள். எட்டாம் தேதி நான் கையெழுத்துப் போட்டபோதே எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை என் போனில் நான்தான் பூர்த்தி செய்தேன். நீலச் சேலை போட்டோவை நான்தான் எடுத்தேன். ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வெங்காயத்தைச் சாக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். போன தடவை இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. வரும் ஆகஸ்டில் வயது வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் அந்தக் கடைதான். பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டே பில் போட்டு, முப்பத்தொன்பது வயதில் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வேறு ஒன்றும் கேட்டதில்லை.

வாரியத்திலிருந்து கடிதம் வந்த அன்றே முடியாது என்று எழுதியிருக்கலாம். என்னைத் தேடிக் கூப்பிட்டார்கள் என்ற பெருமை விடவில்லை. கணக்கை நான் தயாரிக்கப் போவதில்லை, தமிழில் எழுதத்தானே போகிறேன், இதில் அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. சென்னையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் ‘விற்ற விலையின் மீது’ என்றுதான் எழுதினேன். படிக்க வறட்டுத்தனமாக இருந்தது. அடித்துவிட்டு ‘விற்றதில்’ என்று எழுதினேன். அது காதுக்கு நன்றாக இருந்தது, அர்த்தமும் சரியாக இருந்த மாதிரித்தான் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அது என் தமிழ் இல்லை, கொடியின் தமிழ். ஆறு மாதம் அவள் வாயில் கேட்டுக் கேட்டு என் கைக்கு வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நான் சொல்லுகிறேன், யார் நம்புவார்கள்? கொஞ்சம் அழுத்திக் கேட்டால் நானே முழுசாக நம்ப மாட்டேன்.

மெஹருன்னிசாவிடம் சொன்னேன். அவர்தான் கேட்டார்.

“எதுவும் சொல்லாம இருந்தா?”

“கொடிக்கு ஒன்றரை மதிப்பெண் கூடும்.”

“சொன்னா?”

“படிவத்தை மறுபடி கேப்பாங்க.”

“படிவத்துல மறுபடியும் இல்லைன்னு எழுதிட்டுப் போங்களேன் டீச்சர். தப்பையும் திருத்தின மாதிரி இருக்கும், தங்கச்சியும் எழுதின மாதிரி இருக்கும். யாருக்கும் நட்டமில்ல.”

அதைத்தான் நானும் யோசித்து வைத்திருந்தேன். வேறு ஒருவர் வாயால் கேட்டதும் பயமாக இருந்தது.

மே 22, வியாழன்

காலையில் கண்காணிப்பு அதிகாரி தேவசகாயம் அறைக்குப் போனேன். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. கேள்வியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார்.

“எழுநூத்தம்பது.”

“விடைக்குறிப்பில் அறுநூறு சார்.”

மறுபடியும் படித்தார். ஆங்கிலத் தாளை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நானும் தமிழ்ல படிச்சவன்தான் டீச்சர். பரீட்சை ஹால்ல ஆங்கிலத்தை யாரு திருப்பிப் பாக்கப் போறா?” என்றார்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. தாள்கள் நாளை இரவு கிளம்புகின்றன. திருத்தச் சீட்டு ஒன்று அடித்து ஒவ்வொரு வினாத்தாள் கட்டுக்குள்ளும் வைக்கலாம், தேர்வறையில் வாசித்துவிடுவார்கள் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

“திருத்தம்னா அறிக்கை வேணும். நாலு கட்டம், நீங்களே நிரப்பிருங்க. அடிச்சு எழுதக் கூடாது. நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார். வேண்டுமென்றேதான் போனாரோ என்று இப்போது தோன்றுகிறது.

முதல் கட்டம் கேள்வி எண். இரண்டாவது, தவறு என்ன. இரண்டையும் எழுதிவிட்டேன். நாலாவதில் அதே பழைய கேள்வி, உறவினர் யாரேனும் எழுதுகிறார்களா. அதற்கு ‘இல்லை’ என்று எழுத மனத்தைத் தயார் செய்துதான் போயிருந்தேன். மூன்றாவதை யோசிக்கவில்லை. தவறு எப்படி ஏற்பட்டது?

கவனக்குறைவு என்று எழுதலாம். மூன்று தடவை ப்ரூஃப் படித்துக் கையெழுத்துப் போட்டவள் நான், கவனக்குறைவு இல்லை. அவசரம் இல்லை, நேரம் மிச்சம் இருந்தது. ஆங்கிலம் புரியாமலும் இல்லை. வெயில் என்று எழுத முடியுமா? வகுப்பில் ஒரு பையன் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை விட்டால் பாதி மதிப்பெண்ணை வெட்டுகிறவள் நான். பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, என்னிடம்தான் கடிகாரம் இல்லையே. அந்தக் கட்டத்துக்கு என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதை எழுதினால் நாலாவது கட்டம் தானாக விழுந்துவிடும்.

எழுதினேன். ‘விற்றதில் என்பது என் தங்கை பேசும் சொல். அவளுக்கு இத்தேர்வுக்காகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது என் காதில் பதிந்தது.’ நாலாவதில் ‘ஆம்’ என்று எழுதி அவள் பெயரையும் பதிவெண்ணையும் போட்டேன். பதிவெண் எனக்கு மனப்பாடம்.

தேவசகாயம் வந்து படித்தார். டம்ளரில் டீ மிச்சம் இருந்தது, அதைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

“மூணாவதுல கவனக்குறைவுன்னு எழுதியிருக்கலாமே டீச்சர். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க.”

“அவ எழுத முடியுமா சார்?”

“இன்னைக்கே மேல அனுப்பணும். அனுமதியை நிறுத்திருவாங்க. உங்களுக்கும் மெமோ வரும்.” கொஞ்சம் பொறுத்து, “வயசு எவ்வளவு அவங்களுக்கு?” என்று கேட்டார்.

“ஆகஸ்டோட முடியுது.”

தலையை அசைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை அவளுக்குத் தெரிவிக்க முடியுமா, வெயிலில் வீணாக அலைய வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டேன்.

“இங்கருந்து ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. தெரியாததா உங்களுக்கு?”

தெரியும்.

மே 23, வெள்ளி

சீட்டு அச்சாகிவிட்டது. விரல் அகலம்தான். ‘வினா 63: விற்றதில் என்பதை விற்ற விலையில் என்று படிக்கவும்.’ நன்றாகத்தான் இருக்கிறது. முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

மே 24, சனி

இன்று கடைக்குப் பாதி நாள் லீவு கேட்டிருப்பாள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்திருப்பார். துவைத்த சேலையை மாடிக் கொடியில் போட்டுவிட்டு, என் கணவரிடம் போய் பேனா இரண்டு வேண்டும் அத்தான், கருப்பு மை, என்று கேட்டிருப்பாள். நேற்று முன்தினமே பெண்கள் கல்லூரி மையத்துக்குப் போய் வழி பார்த்துவிட்டு வந்திருப்பாள். போன தடவையும் அப்படித்தான் செய்தாள்.

அக்கா போனில் கிடைக்கவில்லையே, ஆசீர்வாதம் வாங்கணுமே என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 25, ஞாயிறு

சாப்பாட்டு அறையில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. காலையிலிருந்து அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டரைக்கு வாசலில் நின்றிருப்பாள். ஒன்பதுக்குக் கேட்டைத் திறப்பார்கள். ஒன்பது ஐந்து, ஒன்பது பத்துக்குள் பட்டியலில் பெயரைத் தேடியிருப்பார்கள். அவள் ‘நல்லாப் பாருங்க சார்’ என்று சொல்லியிருப்பாள். இன்னொரு தடவை பார்த்திருப்பார்கள்.

ஒன்பதரை. மணி அடித்திருக்கும்.

பத்து. அறுபத்து மூன்றாவது கேள்விக்கான திருத்தத்தை இந்நேரம் வாசித்திருப்பார்கள். நாலரை லட்சம் பேர் பேனாவால் திருத்திக்கொண்டிருப்பார்கள். மெஹருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நல்லது செய்தேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

பன்னிரண்டரை. முடிந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள், விடுதலை அல்லவா.

மே 26, திங்கள்

தேவசகாயம் நோட்டைத் திருப்பித் தந்தார். எதையும் அடிக்கவில்லை. முதல் பக்கத்தில் நான் எழுதிய ‘வணக்கம் ஐயா’ என்பதற்கு நேரே பென்சிலால் சின்னதாக டிக் போட்டிருந்தார். மெமோ பள்ளிக்கு வரும், பதிலைத் தாமதிக்காமல் எழுதுங்கள் என்றார்.

அதே திரை போட்ட வேன். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். பலகையைப் பார்த்தால் விளாத்திகுளம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், வேனில் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பதினெட்டு நாளும் நான் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

போனைத் திறந்ததும் பதினேழு தவறிய அழைப்புகள். பதினாறு கொடியுடையவை. பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

“அக்கா, ட்ரெயினிங் முடிஞ்சுதா? நேத்துலருந்து ஒங்களுக்குத்தான் அடிச்சிட்டே இருக்கேன். என்னைய உள்ள விடலக்கா.”

“ம்.”

“பட்டியல்ல பேரு இருக்கு, செவப்புக் கோடு போட்டுருக்கு. என்னான்னு கேட்டா, ஒன் மேல யாரோ எழுதிக் குடுத்துருக்காங்கம்மாங்கறாரு. ஒம்பது மணியிலருந்து பன்னெண்டரை வரைக்கும் கேட்டுக்கு வெளியவே நின்னேன், மனசு மாறி விட்டுருவாங்களோன்னு. விடல. எல்லாம் ஏறுச்சுக்கா இந்தத் தடவ. எக்ஸும் ஏறுச்சு. அடக்கத்தை எக்ஸ்னு வச்சு மடமடன்னு போடுறேன், அத்தான்கூடப் பாத்து அசந்துபோனாக. யாருக்குக்கா நம்ம மேல இப்படி வயித்தெரிச்சல்? யாரா இருக்கும்?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். சென்னை, பயிற்சி, சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகப் பேசியிருக்கலாம். இல்லை, கடைசிவரை யாரோ என்றே விட்டிருக்கலாம், அவளும் ஆயுசுக்கும் யாரையோ திட்டிக்கொண்டு இருந்திருப்பாள். இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வரிசையாக வந்தது.

“நான்தான் கொடி” என்றேன்.

துவரம்பருப்பு என்ன விலை என்று யாரோ அவளைக் கேட்டார்கள். கிலோ விலையைச் சொன்னாள், மூடையாக எடுத்தால் எவ்வளவு குறையும் என்றும் நிதானமாகச் சொன்னாள். பிறகு போன் கட்டானது.